காலுக்கா, பூஜைக்கா?

என் பேத்தியின் கல்யாணம் மல்லேஸ்வரத்தில் நடந்தது. காசி யாத்திரைக்கென்று வாத்தியார் கொடுத்த ஜாபிதாவில் குடை, தடி, விசிறி, பாதரக்ஷை என்று இருந்தது. "ரப்பர் செருப்பு போதும் அப்பா" என்றாள் என் பெண். எனக்கு மனம் ஒப்பவில்லை. மரப் பாதுகை தேடிச் சிக்பேட்டைக்குப் போனேன். கடைக்காரர், "காலிகா, பூஜெகா?" என்று கன்னடத்தில் கேட்டார். காலுக்கா, பூஜைக்கா என்றுதான்! பூஜைக்கு உள்ளங்கை அளவில் வெள்ளியிலும் மரத்திலும் இருந்தன. காலுக்கு ஒன்றும் இல்லை.

நம் முன்னோர்கள் இப்படிப் பிரித்ததில்லை. தமிழில் பாதக்குறடு, கன்னடத்தில் ஹாவுகெ என்று சொல்லப்படும் இதன் அமைப்பு எளிது. ஒரு பலகை, அடியில் இரண்டு கட்டைகள், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு குமிழ். தோல் இல்லாததால் மடிக்குப் பங்கமில்லை. கிணற்றடி ஈரத்தையும் தாங்கும். 1960களில் எங்கள் கிராமத்து ஆத்தில், கொல்லையிலிருந்து தாத்தா வரும் 'டக் டக்' ஓசை கேட்டதும் பாட்டி இலை போட்டுவிடுவாள்.

அப்படிக் காலில் கிடந்த பொருளைத்தான் பரதன் சிரசில் தாங்கினான். நந்திக்ராமத்தில் 14 ஆண்டுகள் ராஜ்யபாரம் பாதுகையின் பெயரால் நடந்தது. அந்தப் பாதுகையின் மீதே ஸ்வாமி வேதாந்த தேசிகன் 1008 ஸ்லோகங்கள் அருளினார். தென்னாட்டுக் கோயில் சிற்பங்களில் தெய்வங்கள் பெரும்பாலும் வெறுங்காலுடன்தான் காட்சி தருவர். பிக்ஷாடனர் மட்டும் பல இடங்களில் பாதக்குறடு அணிந்திருப்பார். வீடு வீடாகப் பிக்ஷைக்கு நடப்பவர் அல்லவா!

மேல்நாட்டிலும் இந்தக் கதை உண்டு. ஐரோப்பியர்கள் தெருச் சேறு படாமலிருக்கக் காலணிக்கு மேல் மரக்கட்டை அணிந்தார்கள். யான் வான் ஐக் 1434ல் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதி ஓவியத்தில் அப்படி ஒரு ஜோடி கழற்றிப் போடப்பட்டிருக்கிறது. சுமார் ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, எர்வின் பனோஃப்ஸ்கி என்ற கலை வரலாற்று அறிஞர், நிற்கும் இடம் புனிதமானது என்பதன் அடையாளம் அது என்று பொருள் சொன்னார். சேற்றுக்காகச் செய்த கட்டை அங்கும் புனிதத்தோடு சேர்ந்துவிட்டது.

கடைசியில் பாதுகை எங்கள் பரணிலேயே கிடைத்தது. கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்த சாமான்களோடு வந்த ஜோடி. வலது குதிகால் பக்கம் நன்றாகத் தேய்ந்திருந்தது. மாப்பிள்ளைப் பையன் அதைப் போட்டுக்கொண்டு பத்தடி நடப்பதற்குள் விரல் வலிக்கிறது என்றான். சிரித்தோம். "இது யாருடையது தாத்தா?" என்று பேத்தி கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தாத்தாவுடையதா, அவர் தகப்பனாருடையதா? சொல்லக்கூடியவர்கள் யாரும் இப்போது இல்லை.

அங்கத்தினர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் அகத்துப் பரணிலும் ஒரு ஜோடி இருக்கலாம். பூஜை அறையில் வைப்பதோ வேண்டாமென்பதோ உங்கள் இஷ்டம். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, யார் நடந்தது என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு வையுங்கள்.