எண்ணப்பட்ட மீனும் எண்ணப்படாத மீனும்

மீன்வளர்ப்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கூண்டின் வரலாற்றையே எழுதுகின்றனர். நமக்கோ கணக்கேட்டின் வரலாறே முக்கியமாகப் படுகின்றது. இன்று நீருக்கடியிலே கமெராவும் கரையிலே கணினியும் இருந்து மீனை எண்ணுகின்றன. இதனை நேற்றுப் பிறந்த அற்புதம் போலக் கம்பனிகளின் விளம்பர ஏடுகள் வருணிக்கின்றன. நோர்வே நாட்டுச் சமன் வளர்ப்பைச் சற்று ஊன்றி நோக்குவோமாயின் விடயம் வேறு விதமாகத் தோன்றும். (நம் நாட்டுக் கடைகளிலே ‘சமன்’ என்ற பெயரோடு தகரத்தில் விற்பது பெரும்பாலும் வேறு இன மீனே என்பதையும் இவ்விடத்திற் சொல்லிவைக்கலாம்.)

1970ஆம் ஆண்டிலே ஹித்ரா தீவில் குரோன்ட்வெட் சகோதரர் இருவர் எண்கோண மிதவைக் கூண்டொன்றில் ஏறத்தாழ 20,000 சமன் குஞ்சுகளை விட்டனர். அடுத்த ஆண்டில் அக்வாஃபோர்ஸ்க் ஆய்வு நிலையம் தோன்றியது. கால்நடை இனவிருத்தி விஞ்ஞானத்திற் பயின்ற ஹரால்ட் ஷெர்வொல், த்ரிக்வே யேட்ரெம் ஆகியோர், பசுவுக்கும் ஆட்டுக்கும் வைத்த வம்சப் பதிவேட்டை மீனுக்கும் வைத்தனர். ஏறத்தாழ நாற்பது நதிகளிலிருந்து மீன்களைச் சேகரித்து, எந்தக் குடும்பத்து மீன் விரைவாக வளர்கின்றது என்று தலைமுறை தலைமுறையாகக் குறித்தனர். தலைமுறை ஒன்றுக்குப் பத்து வீதமளவிலே வளர்ச்சி கூடியது. பொதுப்பணத்தில், பொது விஞ்ஞானிகள் எழுதிய கணக்கு அது. இன்றைய பெருங்கம்பனிகள் பலவும் அந்த ஏட்டின்மேலேதான் நிற்கின்றன.

1973ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பத்திர முறையைக் கொண்டுவந்தது. பண்ணை அவ்வூராரின் கையில் இருக்கவேண்டும், சிறிதாக இருக்கவேண்டும் என்பதே அக்கொள்கையின் உயிர்நாடி. வளர்ப்போரின் விற்பனைச் சங்கம் ஒன்றும் கூட்டுறவு முறையில் இயங்கியது. மிகை உற்பத்தியால் விலை சரிந்தபோது அச்சங்கம் மீனை உறையவைத்துச் சேமித்து விலையைக் காக்க முயன்றது. 1991இல் அது முறிந்தது. அதே ஆண்டில் உடைமைக் கட்டுப்பாடும் தளர்த்தப்பட்டது. அதன் பின்னர் சகோதரர்களின் கூண்டு பங்குச்சந்தையின் கூண்டாயிற்று.

ஆயினும் கணக்கு மக்களுக்குப் பயன்பட்ட வேளையும் உண்டு. 1987இல் இத்தொழிலில் 48 தொன் அளவான நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து கொட்டப்பட்டது. மருந்தின் அளவு கணக்கில் இருந்தமையாற் பழி எங்கே என்பது மறையவில்லை. தடுப்பூசி வந்தது; மருந்து குறைந்தது. உற்பத்தி 15 இலட்சம் தொன் அளவுக்குப் பெருகிய அண்மை ஆண்டுகளில் அம்மருந்தின் அளவு ஒரு தொன்னுக்கும் குறைவு. இதனைச் சாதனை என்று ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை.

கடற்பேன் விடயம் இவ்வளவு எளிதன்று. கூண்டிலே பெருகும் இவ்வொட்டுண்ணியின் குஞ்சுகள், வசந்தத்தில் நதியிலிருந்து கடலுக்கு இறங்கும் காட்டுச் சமனின் இளமீன்களைப் பற்றிக்கொள்கின்றன. ஆகவே மீன் ஒன்றுக்கு வளர்ந்த பெண்பேன் சராசரி 0.5க்கு மேற்படலாகாது, வசந்தத்தில் 0.2க்கு மேற்படலாகாது என்பது விதி. முன்னர் தொழிலாளர் குளிரில் நின்று, பத்தோ இருபதோ மீனை மயக்கி, கண்ணால் எண்ணினர். ஒரு கூண்டிலோ இரண்டு இலட்சம் மீன்வரை இருக்கலாம். இன்று கமெரா ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மீன்களைப் பார்க்கின்றது. லேசர்க் கதிரால் பேனைச் சுடும் பொறியும் உண்டு. எண்ணிக்கை வாராவாரம் அரசுக்குச் செல்கின்றது. எந்தப் பண்ணையில் எத்தனை பேன் என்பதைப் ‘பாரென்ட்ஸ்வொட்ச்’ என்ற அரச தகவற்சேவையில் எவரும் பார்க்கலாம். கமெராவிலும் லேசரிலும் பார்க்க, இந்தத் திறந்த ஏட்டையே நாம் பெரிதாக மதிக்கின்றோம்.

2017இல் கரையோரம் பதின்மூன்று வலயங்களாகப் பிரிக்கப்பட்டது. பச்சை வலயம் உற்பத்தியை 6 வீதம் கூட்டலாம். மஞ்சள் வலயம் அப்படியே நிற்கும். சிவப்பு வலயம் 6 வீதம் குறைக்கவேண்டும். 2020இல் மேற்குக்கரையின் இரு வலயங்கள் சிவப்பாயின. பண்ணையாளர் பலர் வழக்காடினர். தரவு உறுதியற்றது, மாதிரிக் கணிப்பு நம்பத்தக்கதன்று என்பது அவர்களது வாதம். தரவைப் பற்றிய இந்தச் சந்தேகம் இலாபம் குறையும்போது மாத்திரம் விழித்தெழுவதை வாசகர் கவனித்திருப்பர். 2021இல் மாவட்ட நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்த்தது.

ஆனால் எண்ணப்படும் ஒன்றைக் குறைப்பதற்காக எண்ணப்படாத பல பலியாகின்றன. பேன் இரசாயனங்களுக்குப் பழகிவிட்டது. எனவே எல்லையைக் கடவாதிருக்கக் குளிர்நீர் மீனைச் சில நொடிகள் வெந்நீரில் அமிழ்த்துகின்றனர். தூரிகையாலும் நீர்த்தாரையாலும் தேய்க்கின்றனர். பேன் கழிகின்றது, தோல் கிழிந்த மீனும் சாகின்றது. பேனைத் தின்னவென்று கூண்டில் விடப்பட்ட துப்புரவு மீன்கள் கோடிக்கணக்கில் மடிந்தன. 2023இல் கடற்கூண்டுகளில் 6 கோடியே 28 இலட்சம் சமன் மாண்டன, அது 16.7 வீதம். பொறிகள் மலிந்த காலத்தில்தான் இந்தத் தொகை! மரணமும் கணக்கிடப்படுகின்றது, எனினும் பச்சை, மஞ்சள், சிவப்பைத் தீர்மானிப்பது கடற்பேனே. காட்டுச் சமனோ மீளவில்லை. 2024 கோடையில் 33 நதிகளில் மீன்பிடி நிறுத்தப்பட்டது.

2023 முதல் இத்தொழிலின்மேல் 25 வீத வளவரி விதிக்கப்பட்டுள்ளது. பொதுக்கடலின் வாடகை பொதுமக்களுக்கும் உரியது என்ற நியாயம், பெருங்கூச்சலுக்கு மத்தியில், பாராளுமன்றத்தில் வென்றது. அக்கூச்சலிற் சிறு பண்ணையாளரின் உண்மையான அச்சமும் கலந்திருந்தது என்பதை மறுக்கமாட்டோம்.

இனிச் சமனின் தீனி. அதில் பிரேசில் சோயாவும் உண்டு. மொரித்தேனியா முதலிய மேற்காபிரிக்கக் கரைகளிற் பிடித்த சிறுமீனின் எண்ணெயும் உண்டு. அச்சிறுமீன் அக்கரையின் ஏழைகள் சோற்றோடு உண்பது. கூண்டிலே ஒவ்வொரு குருணையும் விழுவதைக் கமெரா பார்த்துக் குறிக்கின்றது. டக்கார்ச் சந்தையிலே மீன் வாங்க வந்தவள் வெறுங்கூடையோடு திரும்பும் நாட்களுக்கு அந்த வாராந்த அட்டவணையில் நிரல் இல்லை.