செவ்வாய்க்கிழமை அச்சிடாத பிரிண்டர்

2008, 2009 வாக்கில் உபுண்டு லினக்ஸ் வைத்திருந்த ஒருவரின் மனைவி ஒரு புகார் சொன்னார். ஓப்பன் ஆபீஸிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் பிரிண்ட் வருவதே இல்லை. யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். ‘செவ்வாய் வெறுவாய்’ என்று நம் பாட்டிமார் சொன்னால் சரி, பிரிண்டருக்கு என்ன கிழமை? ஆனால் தோண்டிப் பார்த்தால் அந்த அம்மா சொன்னது அப்பட்டமான உண்மை.

நடந்தது இதுதான். ஓப்பன் ஆபீஸ் நம் கடிதத்தை போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் அச்சு மொழிக்கு மாற்றும்போது, கோப்பின் தொடக்கத்தில் அது உருவான கிழமையையும் தேதியையும் எழுதிவைக்கும். பிரிண்டருக்குப் போகிற வழியில் ‘இது என்ன வகைக் கோப்பு?’ என்று கண்டுபிடிக்க இன்னொரு சிறு நிரல். எர்லாங் என்ற மொழியின் பழைய கோப்புகளை அடையாளம் காண, ‘டியூ’ என்று தொடங்கும் 1991ஆம் வருடத்துத் தேதி ஒன்றை அந்த நிரலின் பட்டியலில் எழுதியிருந்தார்கள். எழுதியதில் இடைவெளிப் பிழை. அதனால் முழுத் தேதியைப் பார்க்காமல், குறிப்பிட்ட இடத்தில் ‘டியூ’ என்ற மூன்று எழுத்து இருந்தாலே எர்லாங் கோப்பு என்று முடிவுகட்டியது. டியூஸ்டே வந்தால் கடிதம் கடிதமில்லை. அச்சும் இல்லை.

இந்தக் கதையை வெறும் ஜோக்காகச் சொல்லிவிட்டுப் போகலாம்தான். எனக்கு அதில் தெரிவது வேறு. ஒருவர் எழுதிய நிரலை நம்பி இன்னொருவர், அவரை நம்பி மூன்றாமவர் என்று நீளும் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்று தேட முடிந்ததே, அங்கே எல்லாக் கண்ணியும் திறந்து கிடந்ததால்தான். மூடிய கண்ணி ஒன்று இருந்தால் என்ன ஆகும்? அந்தக் கேள்வியும் ஒரு பிரிண்டரிலிருந்தே தொடங்கியது.

1980ஐ ஒட்டிய வருடங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகச் செயற்கை நுண்ணறிவுக் கூடம். பிரிண்டர் ஒரு மாடியில், ஆட்கள் வேறு மாடியில். அனுப்பிவிட்டு மணிக்கணக்கில் கழித்து இறங்கிப்போய்ப் பார்த்தால் நாலாவது தாளிலேயே பேப்பர் சிக்கி நிற்கும். முன்பிருந்த பிரிண்டருக்கு ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர் ஒரு வைத்தியம் செய்திருந்தார். சிக்கலை நீக்க நிரலால் முடியாது. ஆனால் காத்திருக்கிற எல்லோருக்கும் ‘பேப்பர் சிக்கிவிட்டது’ என்று செய்தி அனுப்பலாமே. பத்துப் பேருக்குத் தெரிந்தால் ஒருத்தராவது எழுந்து போவார். பிறகு ஜெராக்ஸ் நிறுவனம் கொடுத்த புதிய லேசர் பிரிண்டர் வந்தது. அதன் மூலநிரல் வரவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். ஸ்டால்மன் பேசாமல் திரும்பி வந்தார். அந்த மறுப்பைப் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். 1983 செப்டம்பரில் குனூ திட்டத்தை அறிவித்தார். கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் அவர் சொல்லும் முதல் காயம் பிரிண்டர்தான்.

இயங்குதளம் கிடைத்தது, 1991இல் லினக்ஸ் கெர்னலும் வந்தது. பிரிண்டர் மட்டும் வழிக்கு வரவில்லை. கெர்னலின் பிரிண்டர் நிரலில் புகழ்பெற்ற ஒரு வரி உண்டு: ‘எல்பி ஜீரோ ஆன் ஃபயர்’. பிரிண்டர் தீப்பிடித்து எரிகிறதாம்! பேப்பர் தீர்ந்துவிட்டதா, இல்லை. இணைப்பு விட்டுப்போனதா, இல்லை. ஆனாலும் ஏதோ கோளாறு என்று கம்பி வழியே சமிக்ஞை வருகிறது. அப்படியானால் எரிகிறது என்று எழுதிவிட்டார்கள். இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

போஸ்ட்ஸ்கிரிப்ட் புரிந்த பிரிண்டருக்குள் ஒரு கணினியே இருக்க வேண்டும், அதனால் விலை அதிகம். விலையைக் குறைக்க நிறுவனங்கள் கண்ட வழி, பிரிண்டரின் மூளையை எடுத்துவிடுவது. யோசிக்கிற வேலையெல்லாம் விண்டோஸ் டிரைவர் பார்த்துக்கொள்ளும். நம்மூர் டிடிபி கடைகளிலும் அலுவலகங்களிலும் ஓடி ஓடி உழைத்த ஹெச்பி லேசர்ஜெட் 1020 அந்த ஜாதி. சுவிட்சைப் போடும்போது அதற்கு ஒன்றுமே தெரியாது. ஒவ்வொரு முறையும் அதன் ஃபர்ம்வேரைக் கணினியே அனுப்பித் தர வேண்டும். ஒருவர் பொறுமையாக அந்த பிரிண்டரின் மொழியை ஆராய்ந்து லினக்ஸுக்கு டிரைவர் எழுதினார். ஆனால் ஃபர்ம்வேர் அவருடையதல்ல, அதைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். அது தெரியாதவர் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கும், கேபிள் சரி, டிரைவர் சரி, பச்சை விளக்கு எரியும். தாள் மட்டும் வராது.

இன்று லினக்ஸில் அச்சு என்றால் கப்ஸ். மைக்கேல் ஸ்வீட் 1990களின் பிற்பகுதியில் எழுதத் தொடங்கி 1999இல் வெளிவந்தது. இணையத்துக்கென உருவான ஐபிபி என்ற அச்சு நெறிமுறையை அடித்தளமாக எடுத்துக்கொண்டது. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்து 631 என்ற எண்ணைச் சேர்த்தால் வருகிற பக்கம் அதுதான். ஒன்று சொல்லிவைக்கிறேன், உதவும். ஒரு தடவை அச்சு தோற்றுப்போனால் கப்ஸ் வழக்கமாக அந்த பிரிண்டரையே நிறுத்திவைத்துவிடும். அனுப்பிய வேலை தொலையக் கூடாது என்ற நல்லெண்ணம். நாம் கேபிளைச் சரிசெய்துவிட்டு மறுபடி மறுபடி பிரிண்ட் கொடுப்போம், எல்லாம் வரிசையில் போய் நிற்கும். அந்தப் பக்கத்தில் ‘ரெஸ்யூம் பிரிண்டர்’ என்பதை அழுத்தினால் போதும். எத்தனை பேர் இது தெரியாமல் லினக்ஸையே அழித்துவிட்டு விண்டோஸ் போட்டிருப்பார்களோ.

2007இல் ஆப்பிள் கப்ஸின் மூலநிரலை வாங்கி, ஸ்வீட்டையும் வேலைக்கு எடுத்தது. கட்டற்றதாகவே தொடர்ந்தது. 2019 இறுதியில் அவர் விலகியபின் ஓப்பன்பிரிண்டிங் குழுவுக்கு வேலை நகர்ந்தது. ஆனால் சிக்கலை அவிழ்த்தது இதெல்லாம் அல்ல என்று நினைக்கிறேன். ஃபோன்தான். 2010இல் ஆப்பிள் ஏர்பிரிண்ட் கொண்டுவந்தது. ஃபோனில் யார் டிரைவர் போடுவார்கள்? ஆகவே பிரிண்டரே பொதுமொழி பேசக் கற்றுக்கொண்டது. அதே ஐபிபி மொழி என்பதால் அதன் பலன் லினக்ஸுக்கும் கிடைத்தது. முப்பது வருடம் கெஞ்சியும் வராதது, வாடிக்கையாளர் கையில் ஃபோன் இருந்ததால் தானாக வந்தது. 2023இல் மைக்ரோசாஃப்டும் நிறுவனங்களின் தனி டிரைவர்களைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக அறிவித்தது.

வெற்றி என்று சொல்ல எனக்குத் தயக்கம். மூடிய நிரல் ஒழியவில்லை, கணினியிலிருந்து பிரிண்டர் பெட்டிக்குள் குடிபோய்விட்டது. ஸ்டால்மன் கேட்ட மூலநிரல் இன்றும் பெரும்பாலும் யாருக்கும் கிடைக்காது. அவர் செய்ய நினைத்த காரியம் மட்டும் நடந்துவிட்டது. பேப்பர் சிக்கினால் பிரிண்டர் தானே சொல்ல வேண்டிய சொல் ஐபிபி நெறிமுறையிலேயே இருக்கிறது: ‘மீடியா ஜாம்’. திரையில் அது வந்ததும் யாராவது ஒருத்தர் எழுந்து போக வேண்டும்.