மானுக்காகப் பிறக்காத தோட்டா

“எம்16 தோட்டா மனுசனையே சாய்ச்சிடுதே அண்ணே, ரூசா சாயாதா?” பத்தாங் பெர்ஜுந்தாய்த் தோட்டப்புறத்தில் வேட்டைப் பேச்சு எழுந்தால் இளவட்டங்கள் கேட்கிற கேள்வி இது. சில நேரம் அந்தக் கடமான் சாயும். பல நேரம் அடிபட்ட உடம்போடு சதுப்புக்குள் ஓடி மறையும். ஏன் அப்படி என்று விளங்க, அந்தத் தோட்டா பிறந்த கதைக்குப் போக வேண்டும். அந்தக் கதையில் நம் மலேசியாவுக்கும் ஓர் இடம் உண்டு.

அதன் மூதாதை, அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனத்தில் மைக் வாக்கர் வடிவமைத்து 1950-இல் வெளிவந்த .222. குறிபார்க்கும் போட்டிக்கும், மேய்ச்சல் நிலத்தில் வளை தோண்டும் சிறு பிராணிகளைத் தூரத்திலிருந்து அடிக்கவும் அது பயன்பட்டது. மிஞ்சினால் நாலைந்து கிலோ எடையுள்ள பிராணிகள் அவை. குண்டு பட்டவுடன் சிதறினால் வேலை முடிந்தது. ஆழமாக இறங்க வேண்டிய தேவையே இல்லை.

1957-இல் அமெரிக்கத் தரைப்படை வேறொன்று கேட்டது. சிப்பாயின் சுமை குறைய வேண்டும். குண்டும் 500 கஜத் தொலைவில் இரும்புத் தொப்பியைத் துளைக்க வேண்டும். ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனரும் கூட இருந்தவர்களும் .222-இன் வேகம் பற்றாது என்று கண்டு, கூட்டை நீட்டி மருந்தைக் கூட்டினார்கள். .223 பிறந்தது அப்படித்தான். 5.56 மில்லிமீட்டர் என்று ராணுவம் அழைப்பது அந்த வழி வந்ததைத்தான். முழுத் தோட்டா ஏறத்தாழ 12 கிராம், பழைய பிரிட்டிஷ் .303 அதைப்போல் இரண்டு மடங்கு. ஒரே சுமையில் இரட்டிப்புத் தோட்டா கொண்டு போகலாம்.

இந்தத் தோட்டாவைச் சுடும் ஏஆர்-15 துப்பாக்கியின் (பின்னாளைய எம்16) உரிமையை 1959-இல் கோல்ட் நிறுவனம் வாங்கியது. சொந்த நாட்டு ராணுவம் முகம் கொடுக்காத நேரம் அது. ஆசியாவைச் சுற்றிவந்து காட்டியதில் அந்த ஆண்டிலேயே முதல் விற்பனை அமைந்தது மலாயாக் கூட்டரசில்! 1948-இல் தொடங்கிய அவசரகாலம் அப்போதும் முடிந்திருக்கவில்லை. 1960 ஜூலை 31 வரை நீடித்தது. நாலு கிலோ .303 துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டிலும் சேற்றிலும் நடந்தவர்களின் நாட்டில் இலகுவான துப்பாக்கிக்கு வரவேற்பு கிடைத்ததில் வியப்பில்லை.

அமெரிக்காவில் அதற்குப் பேர் வாங்கிக் கொடுத்தது தர்பூசணி. 1960 ஜூலை 4-இல் விமானப்படைத் துணைத் தலைமைத் தளபதி கர்ட்டிஸ் லெமே இந்தத் துப்பாக்கியால் தர்பூசணியைச் சுட்டார். பழம் வெடித்துச் சிதறியதைப் பார்த்து மனம் மாறினார். மானைப் பற்றிய தப்பான நம்பிக்கையும் இதே இடத்தில்தான் முளைக்கிறது என்பது என் எண்ணம். தர்பூசணிக்குத் தோள் எலும்பு கிடையாது.

கணக்கைப் பாருங்கள். வழக்கமான .223 குண்டின் எடை மூன்றரை கிராம் சொச்சம்; .303 குண்டு 11 கிராம். சின்னது வேகத்தால் ஈடுகட்டுகிறது, ஏறக்குறைய 1,700 ஜூல் வரை. ஆனால் மெல்லிய உறை போட்ட குண்டு கடமானின் தோளில் பட்டால் மேல்தசையிலேயே உடைந்து தங்கிவிடலாம். ராணுவத்தின் முழு உறைக் குண்டோ சில சமயம் சிறு துளை போட்டுக் கடந்துவிடும். இரண்டிலும் நெஞ்சறை கலங்காமல் போகலாம். 200 கிலோவைத் தாண்டக்கூடிய கிடா ஓடும். சிறு துளையிலிருந்து சொட்டும் ரத்தத்தை ராஜா மூசாக் காட்டுப் பக்கத்துச் சதுப்புத் தண்ணீரில் யார் தேடிப் பிடிப்பது? அந்த விலங்கு நாள்கணக்கில் வதைபட்டுச் சாகும். எனக்குப் பொறுக்காதது அதுதான்.

பெரிய தோட்டாவுக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. 1946-இல் கனடாவில் மூஸ் மான் மீது வேட்டைக்காரர் ஜான் நாஸ்லர் சுட்ட குண்டு, சேறு காய்ந்த தோலில் பட்டு உடைந்தது. அதன் பிறகே நடுவில் தடுப்புச் சுவர் வைத்த குண்டை அவர் உருவாக்கினார். நம் கடமானும் சேற்றில் புரள்வதுதான்.

இங்கிலாந்தில் 1963-ஆம் ஆண்டு மான் சட்டம், .240 அங்குலத்துக்குக் குறைந்த விட்டமோ சுமார் 2,300 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலோ உள்ள ரைபிள் மானுக்கு ஆகாது என்றது. .223 இரண்டிலும் தேறாது. பின்னாளில் கேளையாட்டு இனம் போன்ற சின்ன மான்களுக்கு மட்டும் விலக்குத் தந்தார்கள். அதற்கும் முனை விரியும் குண்டு வேண்டும். கிஜாங் எனும் நம் கேளையாடு இருபது கிலோவை ஒட்டியது, அதே சாதி. ஆகவே சரியான குண்டு, கிட்டத்துக் குறி, பழகிய கை மூன்றும் சேர்ந்தால் கேளையாட்டுக்கு .223 ஒப்பும். கடமானுக்கு ஒப்பாது. 1887-இல் வந்த .22 லாங் ரைபிள் தோட்டாவோ, 150 ஜூல் அளவில், எந்த மானை நோக்கியும் நீட்டக்கூடாதது.

தோட்டப்புறத்தில் உரிமம் பெற்றவர் கையில் பெரும்பாலும் இருப்பது பன்றிக்கென்று வாங்கிய பன்னிரண்டாம் நம்பர் ஒற்றைக்குழல். செம்பனை வரிசைக்குள் இருபது, முப்பது மீட்டரில் அது எந்தச் சிறு ரைபிளையும்விடப் பொருத்தமானது.

2009-இல் தீபகற்பத்தில் கடமான், கேளையாடு வேட்டைக்கு உரிமம் தருவதை வனவிலங்குத் துறை நிறுத்தியது. கடமான் அருகிவிட்டது, புலிக்கும் அதுதான் இரை. வேட்டை மறுபடி வரவே கூடாது என்பது என் விருப்பம். என்றைக்காவது உரிமம் கொடுக்கும் நிலை வந்தால், ரைபிளுக்கு இங்கிலாந்து வைத்த அந்த 2,300 ஜூல் வரம்பை உரிமத் தாளிலேயே அச்சிட்டுக் கொடுக்கட்டும்.