குச்சியில் விழுந்த வெட்டு

போன வருடம் ஒரு சனிக்கிழமை ராத்திரி எங்கள் சர்வர் ஒன்றில் டிஸ்க் நிரம்பிக்கொண்டே வந்தது. இன்னும் இருபது நிமிடம் விட்டிருந்தால் மொத்தமும் படுத்திருக்கும். வேறு எதற்கோ லாகின் செய்த ஜூனியர் பையன் ஒருவன் தற்செயலாகப் பார்த்து, பழைய லாக் ஃபைல்களை அழித்துக் காப்பாற்றினான். திங்கட்கிழமை மீட்டிங்கில் மேனேஜர் "நிக் ஆஃப் டைம்ல புடிச்சிட்டான்பா" என்று பாராட்ட, எல்லோரும் கைதட்டினோம். எனக்கு மட்டும் உறுத்தல். வெள்ளிக்கிழமை மதியமே அந்த எச்சரிக்கை மெயில் எனக்கு வந்திருந்தது. 'இது தினமும் வர்றதுதானே' என்று மூடிவைத்திருந்தேன்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் அந்தச் சொற்றொடரைத் தேட ஆரம்பித்தேன். கடைசியில் 1834-ம் ஆண்டு லண்டனில், எரிந்துகொண்டிருந்த ஒரு கட்டிடத்தின் முன்னால் போய் நின்றேன்.

'நிக்' என்றால் வெட்டு. கத்தியால் மரத்தில் போடும் சின்ன வெட்டு. 16-ம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'இன் தி நிக்' என்றாலே 'மிகச்சரியான கணத்தில்' என்று பொருள். 'ஆஃப் டைம்' என்ற வால் அடுத்த நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டது. இதே வேலையை அந்தக் காலத்தில் இன்னொரு சொல்லும் பார்த்தது: 'புட்டிங் டைம்'. அப்போதைய புட்டிங் இனிப்பு அல்ல, விருந்தின் தொடக்கத்தில் பரிமாறப்பட்ட கறிப் பண்டம். பந்தி ஆரம்பிக்கும்போது வந்து சேர்ந்தவன் புட்டிங் நேரத்துக்கு வந்தவன். அந்தச் சொல் இன்று வழக்கொழிந்துவிட்டது. வெட்டு மட்டும் நிலைத்துவிட்டது.

கணக்குக் குச்சியில் போட்ட வெட்டிலிருந்துதான் இந்தச் சொற்றொடர் பிறந்தது என்று ஒரு கதை பரவலாக உண்டு. அகராதிக்காரர்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. 'துல்லியமான குறி' என்ற பொதுப்பொருளோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் வெட்டுகளால் கணக்கு வைத்த ஊர் அது என்பதில் சந்தேகமே இல்லை. நாம் கிரிக்கெட்டில் சொல்லும் 'ஸ்கோர்' என்ற சொல்லுக்கும் ஆதிப்பொருள் வெட்டுதான்.

இங்கிலாந்தின் அரசுக் கருவூலம் 12-ம் நூற்றாண்டிலிருந்தே டாலி என்ற குச்சிகளில் கணக்கு வைத்தது. பெரும்பாலும் ஹேசல் மரக் குச்சிகள். எந்தத் தொகைக்கு எவ்வளவு பெரிய வெட்டு என்று கறாரான விதி இருந்தது. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை கனம், நூறுக்குக் கட்டைவிரல் கனம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு விளைந்த வாற்கோதுமை மணி அளவு. பென்னிக்கு வெறும் கீறல், மரத்தைச் செதுக்கி எடுக்கக்கூடாது. வெட்டிய பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். பணம் கட்டியவருக்கு நீளமான பாதி, அதன் பெயர் ஸ்டாக். கருவூலத்துக்குக் குட்டைப் பாதி. கணக்குத் தீர்க்கும் நாளில் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வெட்டும் மரத்தின் ரேகையும் பொருந்தினால்தான் கணக்கு செல்லும். ஒருவர் தன் பாதியில் மட்டும் கள்ளத்தனமாக ஒரு வெட்டைக் கூட்டினால் உடனே மாட்டிக்கொள்வார். கைநாட்டுக்காரரும் நம்பக்கூடிய பாதுகாப்பு ஏற்பாடு!

காகிதமும் வங்கிகளும் வந்து வெகுகாலம் ஆன பிறகும் கருவூலம் குச்சியை விடவில்லை. ஒழிக்கச் சட்டம் போட்டது 1780-களில். பதவியில் இருந்தவர்கள் போகும்வரை பொறுத்திருந்து, உண்மையில் ஒழிந்தது 1826-ல். மிச்சமிருந்த பழைய குச்சிகள் வெஸ்ட்மின்ஸ்டரில் குவிந்து கிடந்தன. 1834 அக்டோபர் 16 அன்று, இரண்டு வண்டிக் குச்சிகளைப் பிரபுக்கள் சபைக்கு அடியில் இருந்த உலைகளில் போட்டு எரிக்கச் சொன்னார்கள். விறகில்லாத ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று பிற்பாடு சார்லஸ் டிக்கன்ஸ் ஒரு மேடையில் கிண்டலடித்தார்.

காலையிலேயே வேலை தொடங்கியது. நிலக்கரிக்காகக் கட்டிய உலைகள் அவை. போட்டதோ பல காலம் காய்ந்த சுள்ளி. மாலை 4 மணிக்கு ரைட் என்ற பராமரிப்புப் பெண்மணி பார்வையாளர்கள் சிலரைச் சபைக்குள் அழைத்துப் போனார். புகையில் சுவரின் திரைச்சீலைகள் சரியாகத் தெரியவில்லை. பூட்ஸையும் மீறித் தரைச்சூடு உறைத்தது. அவர் கீழே விசாரிக்காமல் இல்லை. ஆனால் உலையை யாரும் அணைக்கவில்லை. 5 மணிவாக்கில் வேலை முடிந்ததென்று ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். 6 மணிக்குக் கதவிடுக்கில் நெருப்பு தெரிந்தது. ராத்திரிக்குள் நாடாளுமன்றம் போயிற்று. நாட்டின் நீளத்துக்கும் எடைக்கும் மூலமான அளவுகோல்களும் அந்தத் தீயில் பாழாயின. தேம்ஸ் ஓரம் கூடி நின்ற கூட்டத்தில் ஓவியர் டர்னரும் இருந்தார். பிறகு அதை இரண்டு எண்ணெய் ஓவியங்களாக வரைந்தார்.

அன்று ராத்திரி தப்பியவற்றில் முக்கியமானது வெஸ்ட்மின்ஸ்டர் ஹால், 14-ம் நூற்றாண்டு மரக்கூரை கொண்ட மண்டபம். சபை போனால் போகட்டும், ஹாலைக் காப்பாற்றுங்கள் என்று கத்தியவர் நிதியமைச்சர் ஆல்தார்ப் பிரபு. எரிந்த குச்சிகள் அவருடைய துறைக்குச் சொந்தமானவை! தண்ணீரை ஹாலின் பக்கம் திருப்பினார்கள், காற்றும் திசை மாறியது. ஹால் நிக் ஆஃப் டைமில் பிழைத்தது என்று தாராளமாகச் சொல்லலாம்.

எனக்கு உறைத்தது அந்த நள்ளிரவு இல்லை, மாலை 4 மணி. நிக் ஆஃப் டைம் என்று சொல்லும்போது, காப்பாற்ற வாய்த்தது ஒரே ஒரு கணம்தான் என்று தோன்றிவிடுகிறது. நிஜத்தில் 4 மணியிலிருந்து 6 மணிவரை வாசல் அகலமாகத் திறந்து கிடந்தது. தரைச்சூடு தெரிந்த பெண்மணியிடம் ஒரு பாதிக் குச்சி, உலையை நிறுத்தக்கூடியவர்களிடம் இன்னொரு பாதி. அன்று இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. விசாரணை நடந்தது, வேண்டுமென்று வைத்த தீ இல்லை, கவனக்குறைவு என்றார்கள். கடைசிக் கணத்தில் காப்பாற்றுகிறவனுக்குக் கைதட்டல் கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை மதியமே சரிசெய்தால் அப்படி ஒன்று நடந்ததாகவே யாருக்கும் தெரியாது.

அடுத்த வாரம் மேனேஜரிடம் போய், "வெள்ளிக்கிழமையே எனக்கு மெயில் வந்துச்சு சார், நான்தான் பாக்காம விட்டுட்டேன்" என்றேன். அவர் ஸ்க்ரீனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அதான் ஒன்னும் ஆகலையே, விடுப்பா."

நாலு மணிக்கு அந்த உலைக்காரர்களும் ஏறக்குறைய இதைத்தான் நினைத்திருப்பார்கள்.