நாற்காலிக்குள்ள ஒரு கட்டில்

சிங்கிள் பெட்ரூம் வீடு. ஊர்ல இருந்து அம்மா வர்றாங்க. இன்னொரு கட்டில் போட இடமில்ல. உடனே விரிச்சா கட்டிலாகுற ஒத்தை சோபாவைத் தேடுறோம். எதை வாங்குறது? இதுக்கு 1885லயே ஒருத்தங்க பதில் எழுதி வெச்சிருக்காங்க.

அவங்க பேர் சாரா குட். சிகாகோவில் மரச்சாமான் கடை நடத்திய கறுப்பினப் பெண். அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்போ 20 வருஷம்கூட முழுசா ஆகல. 1880இல் 5 லட்சமாக இருந்த சிகாகோ மக்கள்தொகை, 1890க்குள் சுமார் 11 லட்சம் ஆகிடுச்சு. அந்த நெரிசலுக்கு நடுவுலதான் பகலில் எழுதுமேசை, ராத்திரி கட்டில்னு ஒரு சாமானை வடிவமைச்சாங்க. 1885 ஜூலை 14, காப்புரிமை எண் 322,177. அமெரிக்கக் காப்புரிமை வாங்கிய முதல் கறுப்பினப் பெண்களில் இவங்களும் ஒருத்தர்.

அந்த ஆவணத்துல அவங்க கவனிச்சதுல ரெண்டு விஷயம் நமக்கு முக்கியம். ஒண்ணு, எடை சமமா இருக்கணும். அப்பதான் சுலபமா மடிக்க, விரிக்க முடியும். ரெண்டு, விரிச்ச பிறகு கட்டிலோட நடுப்பகுதிக்குத் தனியா ஒரு தாங்கல் வேணும்.

1948இல் நியூயார்க் சோபா வியாபாரி பெர்னார்ட் காஸ்ட்ரோ, தன் 4 வயசு மகள் சோபாவை விரிக்கிற மாதிரி டிவி விளம்பரம் எடுத்தார். அதுவும் சாராவோட முதல் விஷயம்தான்!

அதனால கடைக்குப் போனா துணியோட கலரை அப்புறம் பாருங்க. நீங்களே ஒருதடவை விரிச்சு, மடிச்சுப் பாருங்க. அப்புறம் படுங்க. மடிப்பு இடுப்புல குத்துதா, நடுவுல தொய்யுதான்னு கவனிங்க. குத்தினாலும் அம்மா சொல்ல மாட்டாங்க. "நான் தரையிலயே படுத்துக்கறேன்டா"ன்னுதான் சொல்வாங்க.