கொலுப்படியில் டார்வின்

மைசூர் அக்ரஹாரத்தில், நூற்றொரு கணபதி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில், தமிழையும் கன்னடத்தையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசும் ஐயங்கார் குடும்பங்கள் தசராவுக்குக் கொலு வைக்கையில், தசாவதாரப் பொம்மைகளை மச்சம், கூர்மம், வராகம், நரசிம்மம், வாமனம் என்று வரிசை பிசகாமல் நிறுத்துவதும், டார்வின் சொன்னதை நம் பெரியவர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று வீட்டுத் தாத்தா ஒருவர் வந்தவர்களுக்கு வியாக்கியானம் செய்வதும், சுண்டல் விநியோகத்தைப் போலவே தவறாத சம்பிரதாயங்கள்.

பொம்மைகள் புராதனமானவைதாம், வியாக்கியானம் அப்படியன்று. டார்வினுடைய நூல் வெளிவந்தது 1859-இல். பிளாவட்ஸ்கி அம்மையார் தம் முதற் பெருநூலில் அவதாரங்களைப் பரிணாமத்தோடு முடிச்சுப் போட்டது 1877-இல். 1882-இல் வங்காளத்தில் கேசவ சந்திர சேனரும் அதே ராகத்தைப் பாடினார். அவ்வாண்டிலேயே பிளாவட்ஸ்கியின் பிரம்மஞான சபை அடையாற்றில் குடியேறியது. இங்கிலீஷ் படித்த உத்தியோகஸ்தர்கள் வழியாக இந்த வியாக்கியானம் திண்ணைகளை எட்டியிருக்கும் என்று ஊகிப்பதில் பெரும்பிழை இராது.

மேல்நாட்டில் பாதிரிமார் பலர் டார்வினோடு மல்லுக்கு நிற்க, நாமோ அவரைக் கூடத்தில் உட்காரவைத்து உபசரித்தோம். உபசார மும்முரத்தில் அவர் சொல்லவந்த விஷயம் மட்டும் நம் காதில் விழவில்லை என்பதே என் அபிப்பிராயம். ஓரறிவு உயிர் கீழே, தேவர்கள் மேலே என்று ஏறுவது கொலுப்படி. டார்வின் கண்டதோ கிளைவிட்ட மரம். அதில் இன்றைய மீனும் நாமும் ஒரே மூதாதையிடமிருந்து பாகம் பிரிந்த பங்காளிகள்.

அந்தப் பாகப்பிரிவினையைக் கண்ணெதிரே பார்க்க அக்ரஹாரத்தார் நெடுந்தூரம் போகவேண்டியிருக்கவில்லை. 1916-இல் நிறுவப்பட்ட மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகத்தில், பேராசிரியர் ராஜசேகரசெட்டி தொடங்கிவைத்த மரபியல் பரம்பரையில் வந்த ரங்கநாத், ராமச்சந்திரா முதலியோர் பழ ஈக்களைக் குடுவைகளில் வளர்த்தார்கள். அவற்றின் ஆகாரம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு நூறு கிராம் வெல்லமும் நூறு கிராம் கோதுமை ரவையுமாக, அகர்-அகர் இட்டுக் கொதிக்கவைத்து, பூஞ்சை பிடிக்காதிருக்கச் சிறிது புரோபியோனிக் அமிலம் விட்டு இறக்குவது. நெய்யும் முந்திரியும் இல்லாத குறையொன்றுதான், மற்றபடி கேசரி. எட்டுக் குரோமோசோம் கொண்ட நசூட்டா, ஆறு கொண்ட அல்போமிகான்ஸ் என்ற இரு ஈ வகைகளைக் கலந்து, பல தலைமுறைகள் வளர்த்தபோது, தாய்வழியிலும் தந்தைவழியிலும் இல்லாத குரோமோசோம் அமைப்புடன் புதிய வம்சங்கள் நிலைபெற்றன. அவற்றுட் சில, துணை தேடுகையில் தம் வம்சத்தாரையே நாடும் சுபாவமும் காட்டலாயின. ஓர் இனம் இரண்டாகப் பிரியத் தொடங்கும் வாசற்படி அதுவே.

இவ்வளவுக்கும் பிறகு, 2018 ஜனவரியில் மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை எவரும் கண்டதில்லை என்றும், ஆகவே டார்வின் கொள்கை தவறென்றும் பேசினார். தேசத்தின் மூன்று விஞ்ஞானக் கழகங்களும் ஒன்றுகூடி, பரிணாமத்தின் அடிப்படை உண்மைகளில் விஞ்ஞானிகளிடையே தகராறு இல்லை என்று மறுப்பு வெளியிட்டன. கவனித்தால், அமைச்சர் மறுத்ததும் தாத்தா மெச்சியதும் அதே படிக்கட்டைத்தான். மரத்தை இருவருமே பார்க்கவில்லை.

2023-இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கிற்று. ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அதை ஆட்சேபித்துக் கையொப்பமிட்டார்கள். பகுதி திரும்பவில்லை, பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுப்பவர்களுக்கு மட்டும் அந்தப் பாடம் என்று ஆயிற்று.