அடையாளமும் அளவும்: குருதிப் புற்றணுக்களின் மேற்பரப்புக் குறிகள்

வெண்மை, குருதி எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, செருமானிய மருத்துவர் ருடோல்ஃப் விர்ச்சோ 1847இல் 'லியுகேமியா' என்னும் பெயரை ஆக்கினார். அதே ஆண்டில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். பின்னாளில் அவர் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான நூல்களும் கலைச்சொற்களும் உருவாக வழிசெய்தார். பெயர் தெளிந்தால்தான் அறிவு கைமாறும் என்பதற்கு அப்பணி சான்று. எனினும், தெளிந்த பெயரும் சிலவற்றை மறைக்கும். குருதிப் புற்றின் வரலாறே அதைக் காட்டுகிறது.

1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டிய அளவு ஆக்கும் முறையைக் கண்டனர். உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள புரதங்களைத் தனித்தனியே இனங்காண இம்முறை உதவியது. ஆனால் ஒவ்வோர் ஆய்வகமும் தன் விருப்பப்படி பெயரிட்டது. ஒரே புரதம் ஓரிடத்தில் 'டி1' எனவும் வேறோரிடத்தில் 'லியு-1' எனவும் வழங்கியது. 1982இல் பாரிசில் கூடிய பன்னாட்டுப் பட்டறை 'சி.டி.' என்னும் பொது எண்முறையை வகுத்தது. இரு பெயர் கொண்ட அப்புரதம் சி.டி.5 ஆயிற்று.

நாட்பட்ட நிணநீரணுப் புற்றை இவ்வெண்களே இனங்காட்டுகின்றன. அதன் பி உயிரணுக்களில் சி.டி.19, சி.டி.23 ஆகியவற்றோடு, வழக்கமாக டி உயிரணுக்களுக்குரிய சி.டி.5உம் காணப்படும், சி.டி.20 குறைவாகவே இருக்கும். எண் மாறாதது, அதனால் குறியும் மாறாதது என்று எண்ணத் தோன்றும். அது பிழை.

மேற்பரப்பில் சி.டி.20 எவ்வளவு இருக்கும் என்பதைப் பல படிகள் முடிவு செய்கின்றன. மரபணுவைப் படியெடுக்கத் தூண்டும் புரதங்கள் முதற்படி. அணு தங்கியிருக்கும் சூழல் அடுத்தது: நிணநீர்க்கணுவிலுள்ள துணையணுக்கள் சுரக்கும் ஒரு வேதிச்செய்தி, சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்னும் ஏற்பி வழியாக சி.டி.20ஐ உயர்த்துகிறது. இப்ருடினிப் என்னும் மருந்து இவ்வழியைத் தடுத்து சி.டி.20ஐக் குறைப்பதைச் செக் நாட்டு ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டனர்.

இது நோயாளிக்கு நேரடியாகப் பொருட்படும். 1997இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரிட்டுக்சிமாப், சி.டி.20ஐப் பற்றியே புற்றணுவை அழிக்கிறது. 2018இல் வெளியான பெரியதொரு மருத்துவ ஆய்வில், முதிய நோயாளிகளுக்கு இப்ருடினிப்புடன் இதனைச் சேர்த்தும் கூடுதல் பயன் காணப்படவில்லை. முதல் மருந்து இலக்கைக் குறைத்துவிடுவது இதற்கொரு காரணமாகலாம்.

குறியின் இருப்பைத் தமிழில் 'வெளிப்பாடு' என்கிறோம். படு என்னும் வினை பாடு எனத் திரிந்து அமைந்த தொழிற்பெயர் அது. தொழிற்பெயர் காலம் காட்டாது என்பது மாணவர் அறிந்த இலக்கணம். ஆகவே சொல் காட்டாத காலத்தையும் இடத்தையும் அளவையும் படிப்பவர்தாம் கேட்டுப் பெறவேண்டும். 'இக்குறி உண்டா?' என்பதோடு நில்லாமல், 'எங்கே, எப்போது, எவ்வளவு?' என்றும் வினவ வேண்டும். தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அமைந்த ஸ்கூடாயில், நாளை ஆய்வகம் புகவிருக்கும் மாணவருக்குத் தமிழாசிரியரும் அறிவியலாசிரியரும் சேர்ந்து பழக்கவேண்டிய வினாக்கள் இவை.